மின்னோட்டம் பாயும் வேளையில் எரிபொருள் மின்கல மின்முனையின் மேற்பரப்பை எக்ஸ் கதிரால் பார்க்க முடியுமா?

மின்வேதி_மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். புரோட்டான் கடத்தும் சவ்வு கொண்ட எரிபொருள் மின்கலங்களில், ஆக்சிஜன் நீராக மாறும் கேத்தோடு பகுதியைப் பற்றி ஆய்வு செய்துவருகிறேன். பாடநூல்களில் கேத்தோடு என்பதற்கு 'எதிர்மின்முனை' என்ற சொல் இருந்தாலும், எரிபொருள் மின்கலத்தில் அது நேர் மின்னழுத்தம் கொண்ட முனையாக இருப்பதால், குழப்பம் வராமல் இருக்க இங்கே கேத்தோடு என்றே எழுதுகிறேன்.

கார்பன் மீது படியவைத்த பிளாட்டினம் நுண்துகள்களை வினையூக்கியாகக் கொண்ட ஒரு கலத்தைப் பல மணி நேரம் இயக்கிவிட்டு, அதைப் பிரித்துக் கேத்தோடு அடுக்கை எடுத்து, ஆய்வகத்தில் உள்ள எக்ஸ் கதிர் ஒளிமின்னணு நிறமாலைக் கருவியில் (எக்ஸ் கதிர் பட்டு வெளியேறும் எலக்ட்ரான்களின் ஆற்றலை அளப்பது) அளந்தேன். பிளாட்டினத்தின் பெரும்பகுதி உலோக நிலையிலும், சிறு பகுதி 2+ ஆக்சிஜனேற்ற நிலையிலும் இருப்பதாகத் தெரிந்தது. அண்மையில் நடந்த ஆய்வு மதிப்பீட்டுக் கூட்டத்தில், "நீங்கள் காட்டும் மேற்பரப்பு மின்னோட்டம் பாய்ந்தபோது இருந்த மேற்பரப்புதானா?" என்று ஒரு பேராசிரியர் கேட்டார். என்னால் உறுதியாகப் பதில் சொல்ல இயலவில்லை.

கலம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே மின்முனையின் மேற்பரப்பை எக்ஸ் கதிர் நிறமாலையால் அளக்க முடியுமா? முடியும் என்றால், பிரித்து எடுத்துப் பார்ப்பதால் தெரியாத எதை அந்த அளவீடுகள் காட்டியிருக்கின்றன? என்னைப் போன்ற ஒரு மாணவி இந்தியாவில் இருந்துகொண்டு இதில் எந்த அளவுக்கு முயன்று பார்க்கலாம்?


உயர்வெப்பக்கலம் எழுதியது:

வணக்கம். உங்களிடம் கேட்கப்பட்ட கேள்வி மிகவும் சரியானது. அதற்கு நேர்மையான பதில், 'இல்லை' என்பதுதான். கலத்தை நிறுத்திய நொடியிலேயே கேத்தோடின் மின்னழுத்தம் மாறுகிறது. அதன் பின் சவ்வு உலர்கிறது, அடுக்கு காற்றில் படுகிறது, இறுதியில் உயர் வெற்றிடத்துக்குள் போகிறது. இந்த நான்கு படிகளில் ஒவ்வொன்றும் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் ஆக்சிஜனையும் ஹைட்ராக்சிலையும் (OH) நீரையும் மாற்றவோ அகற்றவோ செய்யும். நீங்கள் கண்ட 2+ பிளாட்டினம் கலம் இயங்கியபோது உருவானதா, பிரித்தபோது காற்றில் உருவானதா என்பதை அந்த ஒரு நிறமாலையை வைத்துப் பிரித்தறிய வழியில்லை.

இயங்கும்போதே அளப்பது ஏன் நெடுங்காலம் கைகூடவில்லை என்பதற்குக் காரணம் எக்ஸ் கதிர் அன்று, அது வெளியேற்றும் எலக்ட்ரான்தான். எலக்ட்ரான் திண்மப் பொருளுக்குள் சில நானோமீட்டர் தொலைவு மட்டுமே தன் ஆற்றலை இழக்காமல் வர முடியும் என்பதால்தான் இந்த முறை மேற்பரப்பை மட்டும் பார்க்கிறது. அதே பண்பு வளிமத்திலும் வேலை செய்கிறது. சுமார் 100 எலக்ட்ரான் வோல்ட் இயக்க ஆற்றல் கொண்ட ஒரு எலக்ட்ரான், 1 மில்லிபார் அழுத்தமுள்ள வளிமத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் போவதற்குள் சிதறிவிடும். ஸ்வீடனின் உப்சாலாவில் காய் சீக்பான் குழுவினர் (இந்த நிறமாலை முறைக்காகவே அவருக்கு 1981-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது) 1970-களிலேயே நீர்மங்களையும் உயர் அழுத்த வளிமங்களையும் அளக்க முயன்றனர். ஆனால் அமெரிக்காவின் பெர்க்லியில் 2002-ஐ ஒட்டி உருவான வடிவமைப்புதான் வழியை அகலப்படுத்தியது. மாதிரிக்கு மிக அருகில் மிகச் சிறிய துளையை வைத்து, அதற்குப் பின்னால் அடுத்தடுத்த அறைகளில் காற்றைப் படிப்படியாக உறிஞ்சி எடுத்து, அந்த அறைகளுக்கு இடையே நிலைமின் வில்லைகளால் எலக்ட்ரான்களைக் குவித்து அனுப்புவது அதன் சாரம். மாதிரி வளிமத்துக்குள் இருக்கும், பகுப்பாய்வி வெற்றிடத்தில் இருக்கும்.

இதைக் கொண்டு நடந்த ஆய்வுகளில் நான் இன்றும் மாணவர்களைப் படிக்கச் சொல்வது 2010-இல் வெளிவந்த ஒன்று. மேரிலாந்து பல்கலைக்கழகத்தினரும் பெர்க்லி சிங்க்ரோட்ரான் (எலக்ட்ரான்களை வளையத்தில் சுழலவிட்டுச் செறிவான எக்ஸ் கதிரைப் பெறும் கருவி) நிலையத்தினரும் சேர்ந்து, யிட்ரியம் கலந்த சிர்கோனியா மின்பகுளியின் (மின்முனைகளுக்கு இடையே அயனிகளைக் கடத்தும் பொருள்) மேல் சீரியம் ஆக்சைடு மின்முனையையும் பிளாட்டினம் மின்முனையையும் படியவைத்து, 750 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், 1 மில்லிபார் ஹைட்ரஜனும் நீராவியும் சூழ்ந்திருக்க, கலத்தை இயக்கியபடியே அளந்தார்கள். மின்முனை, மின்பகுளி, மின்னோட்டம் திரட்டும் உலோகம் ஆகிய எல்லாம் ஒரே பக்கத்தில் திறந்த நிலையில் இருந்ததால், எக்ஸ் கதிர்க் கற்றையை அவற்றின் மேல் இடம் இடமாக நகர்த்திப் பார்க்க முடிந்தது.

அந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்தது, நிறமாலையையே ஒரு வோல்ட்மானியாகப் பயன்படுத்திய விதம். மேற்பரப்பின் ஓரிடத்தில் மின்னழுத்தம் மாறினால், அங்கிருந்து வெளியேறும் எல்லாத் தனிமங்களின் எலக்ட்ரான்களும் ஒரே அளவு இயக்க ஆற்றலைக் கூடவோ குறையவோ பெறுகின்றன. ஒரு வோல்ட் மாற்றத்துக்கு ஒரு எலக்ட்ரான் வோல்ட் நகர்வு. ஆகவே நிறமாலையில் தனிமங்கள் தரும் எல்லா முகடுகளும் ஒன்றாக நகர்ந்தால் அது மின்னழுத்தம். ஒரு தனிமத்தின் முகடு மட்டும் மற்றவற்றிலிருந்து விலகி நகர்ந்தாலோ, அதன் வடிவம் மாறினாலோ அது வேதி மாற்றம். மின்பகுளியின் மேல் மின்னழுத்தம் எப்படி இறங்குகிறது, மின்முனைக்கும் மின்பகுளிக்கும் இடையிலான எல்லையில் எவ்வளவு மிகை மின்னழுத்தம் (வினையை ஓட்டக் கூடுதலாகத் தேவைப்படுவது) செலவாகிறது என்பதை, கம்பியால் தொடாமலே, அந்தந்த இடத்தில் அவர்கள் அளந்தார்கள். அதே நிறமாலையிலேயே சீரியத்தின் 3+, 4+ நிலைகளின் விகிதமும் கிடைத்தது. இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, வினை நடக்கும் பகுதி மின்னோட்டம் திரட்டும் உலோகத்திலிருந்து ஏறத்தாழ 150 மைக்ரோமீட்டர் வரை சீரியத்தின் மேல் பரவியிருந்தது தெரியவந்தது. உலோகம், மின்பகுளி, வளிமம் மூன்றும் சந்திக்கும் கோட்டில் மட்டுமே வினை நடக்கும் என்ற பழைய படத்தை வைத்துக்கொண்டு சீரியத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அந்தக் கலத்தைக் குளிரவைத்துப் பிரித்திருந்தால் 150 மைக்ரோமீட்டர் என்ற எல்லை எங்கும் எழுதப்பட்டிருக்காது.

இன்னொரு எடுத்துக்காட்டு 2015-இல் வந்தது. லாந்தனம், ஸ்ட்ரான்சியம், இரும்பு கொண்ட பெரோவ்ஸ்கைட் ஆக்சைடு மென்படலத்தை நீராவி மின்பகுப்பு செய்யும் திசையில் இயக்கி, ஒளிமின்னணு நிறமாலையையும் மின்மறுப்பையும் (மாறுதிசை மின்னோட்டத்துக்குக் கலம் காட்டும் தடை) ஒரே நேரத்தில் அளந்தார்கள். மின்னழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டியதும் மேற்பரப்பில் உலோக இரும்பு தோன்றியது, கூடவே நீரைப் பிளக்கும் வேகமும் பெருமளவு கூடியது. நீராவியிலோ காற்றிலோ மின்னழுத்தமின்றிக் குளிரவிட்டால் அந்த இரும்பு திரும்பவும் ஆக்சைடாகிவிடும். உங்கள் பேராசிரியருக்குச் சொல்வதற்கு இதுவே போதுமான பதில் என்று நினைக்கிறேன்.


மின்வேதி_மாணவி எழுதியது:

மிகவும் நன்றி, ஐயா. முகடுகள் ஒன்றாக நகர்வதும் தனித்தனியே நகர்வதும் வெவ்வேறு பொருள் தரும் என்பதை நான் இதுவரை யோசித்துப் பார்த்ததே இல்லை. ஒன்று மட்டும் இடிக்கிறது. நீங்கள் சொன்னவை எல்லாம் பல நூறு டிகிரியில் இயங்கும் உலர்ந்த மேற்பரப்புகள். என் கலம் 80 டிகிரியில், முழு ஈரப்பதத்தில் இயங்குகிறது. அந்த வெப்பநிலையில் நீராவியின் தெவிட்டிய அழுத்தம் மட்டுமே 470 மில்லிபாரை ஒட்டி இருக்கும். 1 மில்லிபாரில் என் சவ்வு காய்ந்து, புரோட்டான் கடத்துவதையே நிறுத்திவிடாதா?


ஈரப்பரப்பு எழுதியது:

நிறுத்திவிடும். 80 டிகிரியில் 1 மில்லிபார் நீராவி என்பது 0.2 விழுக்காடு ஈரப்பதம்தான். அதனால்தான் சவ்வுக் கலங்களை இந்த முறையில் அளப்பவர்கள் வெப்பநிலையை இறக்குகிறார்கள். 2 டிகிரியில் 7 மில்லிபார் நீராவி இருந்தாலே முழு ஈரப்பதம் கிடைத்துவிடும், அந்த அழுத்தத்தை இன்றைய கருவிகள் எளிதில் தாங்கும். வினையின் வேகம் குறையும் என்பது உண்மையே. ஆனாலும் நீர், புரோட்டான், ஆக்சிஜன், மின்னழுத்தம் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் கூடியிருக்கும் மேற்பரப்பு அங்கே கிடைக்கிறது.

உங்கள் தலைப்புக்கு மிக நெருக்கமான ஆய்வு ஸ்டான்ஃபோர்டு சிங்க்ரோட்ரான் நிலையத்தில் நடந்து 2013-இல் வெளிவந்தது. ஆக்சிஜன் ஒடுக்க வினை நடந்துகொண்டிருந்த பிளாட்டினம் கேத்தோடின் மேல், ஆக்சிஜனின் 1எஸ் முகட்டை (அதன் உட்கூட்டு எலக்ட்ரான்கள் தருவது) மின்னழுத்தத்தோடு சேர்த்துத் தொடர்ந்தார்கள். ஹைட்ராக்சில் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பது உண்மையில் வெவ்வேறு அமைப்புகளில் இருக்கிறது என்பது அதில் தெரிந்தது. ஒன்று, சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கட்டுண்டது. மற்றொன்று, அப்படி நீரேற்றம் பெறாமல் தனித்து நிற்பது. திறந்த சுற்று மின்னழுத்தத்துக்கு (மின்னோட்டம் பாயாதபோது இருப்பது) அருகில் நீரேற்றம் பெறாத ஹைட்ராக்சில்தான் மேற்பரப்பில் மேலோங்கியிருந்தது. நீரேற்றம் நீங்கினால் அந்த ஆக்சிஜன் இனங்கள் மேலும் எளிதாக வினைபுரியும் என்று அவர்களின் கொள்கைக் கணக்கீடும் காட்டியது. ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும், கரைசலில் சுழலும் தட்டு மின்முனையில் எடுக்கும் மின்னோட்ட வளைகோட்டில் இந்த வேறுபாட்டுக்கு இடமே இல்லை. எல்லா ஹைட்ராக்சிலும் அங்கே ஒரே மின்னோட்டமாகக் கரைந்துவிடுகிறது.

நீர்ம மின்பகுளியே வேண்டும் என்றால் வேறொரு வழி உண்டு. பெர்க்லியில் 4,000 எலக்ட்ரான் வோல்ட் அளவிலான எக்ஸ் கதிரைப் பயன்படுத்தி, பிளாட்டினம் தகட்டை மின்பகுளிக் கரைசலில் முக்கி, மெதுவாக மேலே இழுத்து, அதன் மேல் ஒட்டி நிற்கும் 10 முதல் 30 நானோமீட்டர் தடிப்புள்ள நீர்ப் படலத்தின் ஊடாகவே உலோகப் பரப்பை அளந்தார்கள். 2015-இல் வெளிவந்த இந்த முறையில் தகட்டின் கீழ்முனை கரைசலிலேயே முங்கியிருக்கும், ஆகவே மின்தொடர்பு அறுவதில்லை. எக்ஸ் கதிரின் ஆற்றல் கூடும்போது வெளியேறும் எலக்ட்ரானின் வேகமும் கூடுகிறது, எனவே அது நீரையும் வளிமத்தையும் தாண்டி வந்துவிடுகிறது. மேலே சொல்லப்பட்ட வோல்ட்மானி விதி இங்கே திருப்பிப்போட்டாற்போல் வேலை செய்யும் என்பதைக் கவனியுங்கள். பிளாட்டினம் பகுப்பாய்வியோடு சேர்த்துத் தரையிணைப்புச் செய்யப்பட்டிருப்பதால் அதன் முகடுகள் அசைவதில்லை, மேலே உள்ள நீரின் ஆக்சிஜன் முகடுதான் ஒரு வோல்ட்டுக்கு ஒரு எலக்ட்ரான் வோல்ட் என்ற கணக்கில் நகர்கிறது. அந்த நகர்வு கணக்குப்படி வரவில்லை என்றால், நீர்ப் படலம் அறுந்துவிட்டது, நீங்கள் அளப்பது மின்முனையே அன்று என்று பொருள். எந்தத் தரவையும் நம்புவதற்கு முன் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஜப்பானின் ஸ்பிரிங்-8 நிலையத்தில் இதே பாதையில் இன்னும் தொலைவு போனார்கள். ஏறத்தாழ 8,000 எலக்ட்ரான் வோல்ட் எக்ஸ் கதிரையும் 30 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துளையையும் கொண்டு, ஒரு முழு வளிமண்டல அழுத்தத்திலேயே ஒளிமின்னணு நிறமாலை எடுக்க முடியும் என்று 2017-இல் காட்டினார்கள். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. வேகமான எலக்ட்ரான்கள் ஆழத்திலிருந்தும் வருவதால், மேற்பரப்பின் முதல் அணு அடுக்குக்கும் அதன் அடியில் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு மங்கிவிடும். அழுத்தமும் மேற்பரப்பு நுண்மையும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும் இந்த நிலையில், கேள்விக்கு எது தேவையோ அதைத் தேர்ந்தெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.


ஒளித்தடம் எழுதியது:

முன்னிருவர் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் சிங்க்ரோட்ரான் நிலையத்தில் மாணவர்களின் அளவீடுகளுக்குத் துணை நின்ற அனுபவத்தில், ஒன்றை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். 'இயங்கும்போது அளந்தேன்' என்று எழுதுவதற்கு, கலத்துக்கு மின்னழுத்தம் கொடுத்திருந்தேன் என்பது போதாது. அதே நேரத்தில் பாய்ந்த மின்னோட்டத்தையும் பதிவு செய்து, அதே மின்னழுத்தத்தில் எக்ஸ் கதிர் இல்லாமல் பாயும் மின்னோட்டத்தோடு அதை ஒப்பிட்டிருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், எக்ஸ் கதிர் பார்வையாளராக மட்டும் இருக்கவில்லை, வினையில் கலந்துகொண்டிருக்கிறது.

சவ்வுக் கலங்களில் இந்த ஆபத்து மிகுதி. நாஃபியான் போன்ற சவ்வுகளில் உள்ள கார்பன், ஃபுளூரின் பிணைப்புகளும் சல்ஃபோனிக் அமிலத் தொகுதிகளும் கதிரால் சிதைகின்றன. ஃபுளூரின், கந்தகம் ஆகியவற்றின் முகடுகளைத் தொடர்ந்து பார்த்தாலே இது தெரிந்துவிடும். நீர் மூலக்கூறு கதிரால் உடையும்போது ஹைட்ராக்சில் தனியுறுப்புகளும், ஹைட்ரஜன் பெராக்சைடும், நீரேற்றம் பெற்ற எலக்ட்ரான்களும் தோன்றுகின்றன. இவற்றில் சில பிளாட்டினத்தை ஆக்சிஜனேற்றும், சில ஒடுக்கும். நீங்கள் தேடுவதே ஹைட்ராக்சிலாக இருக்கும்போது, அதைக் கதிரே உண்டாக்கிவிட்டால் முழு ஆய்வும் வீணாகும். ஆகவே ஒரே மின்னழுத்தத்தில் கதிரின் செறிவைக் குறைத்தும் கூட்டியும் அளக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் புதிய இடத்துக்குக் கற்றையை நகர்த்த வேண்டும், இறுதியில் தொடக்க மின்னழுத்தத்துக்குத் திரும்பி வந்து முதல் நிறமாலை அப்படியே கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். கதிர் நேரம் குறைவாகக் கிடைக்கும்போது மாணவர்கள் முதலில் கைவிடுவது இந்தச் சோதனைகளைத்தான். பின்னால் மதிப்பீட்டாளர் முதலில் கேட்பதும் இவற்றைத்தான்.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். முதற்படியாக ஒளிமின்னணு நிறமாலையை விட்டுவிட்டு, எக்ஸ் கதிர் உட்கவர் நிறமாலையை (ஆற்றலை மாற்றும்போது மாதிரி எவ்வளவு எக்ஸ் கதிரை உட்கவர்கிறது என்று அளப்பது) எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் அறிவுரை. பிளாட்டினத்தின் எல்3 விளிம்பு (உட்கவர்தல் திடீரென உயரும் ஆற்றல்) 11,564 எலக்ட்ரான் வோல்ட்டில் இருக்கிறது. இந்த ஆற்றலுள்ள எக்ஸ் கதிர், மெல்லிதாக்கிய கிராஃபைட் தட்டையும் கேப்டான் என்னும் நெகிழிப் படலச் சாளரத்தையும் நீரையும் எளிதாக ஊடுருவும், எலக்ட்ரானைப் பிடிக்க வேண்டிய தேவையும் இல்லை. எனவே உங்கள் கலத்தை 80 டிகிரியில், முழு ஈரப்பதத்தில், வளிமண்டல அழுத்தத்தில், உண்மையான மின்னோட்டம் பாய அளக்கலாம். இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா மேம்பட்ட தொழில்நுட்ப மையத்தின் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரான் வளையம் 2.5 கிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் இயங்குகிறது, அதில் இத்தகைய உட்கவர் அளவீட்டுக்கான பீம்லைன்கள் (கற்றையை மாதிரிக்குக் கொண்டுவரும் அளவீட்டு நிலையங்கள்) உள்ளன, இந்த விளிம்பும் அவற்றின் எல்லைக்குள் வருகிறது.

'உட்கவர் நிறமாலை எல்லா அணுக்களையும் சேர்த்தல்லவா பார்க்கும், மேற்பரப்பு எங்கே தெரியும்?' என்று நீங்கள் கேட்கலாம். துகள்கள் மிகச் சிறியவை என்பதே இங்கே கைகொடுக்கிறது. சுமார் 2.5 நானோமீட்டர் அளவுள்ள, 561 அணுக்கள் கொண்ட ஒரு துகளில் 252 அணுக்கள் மேற்பரப்பில் இருக்கும், அதாவது ஏறத்தாழ 45 விழுக்காடு. 0.5 வோல்ட் அளவில், மேற்பரப்பில் ஆக்சிஜன் இனங்கள் ஏதும் பெரிதாக இல்லாத நிலையில், ஒரு நிறமாலை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னர் 0.7, 0.8, 0.9 வோல்ட் என்று உயர்த்தி ஒவ்வொன்றிலிருந்தும் முதலாவதைக் கழியுங்கள். மாறாத உள் அணுக்களின் பங்கு கழிந்துபோய், மேற்பரப்பில் மாறியது மட்டும் எஞ்சும். விளிம்பின் உச்சியில் நிற்கும் கூர்முகடு, 2பி எலக்ட்ரான் காலியான 5டி நிலைகளுக்குத் தாவுவதால் வருவது. ஆக்சிஜன் இனங்கள் ஒட்டி 5டி எலக்ட்ரான்களை ஈர்க்கும்போது அது உயரும். ஆக்சிஜன் துகளின் மேல் மட்டும் ஒட்டியிருக்கிறதா, முதல் அடுக்குக்குக் கீழே புகுந்துவிட்டதா என்பதைக் கழித்தல் நிறமாலையின் வடிவத்தைக் கணக்கீட்டோடு ஒப்பிட்டு ஓரளவு சொல்லலாம். ஆனால் நீரேற்றம் பெற்ற ஹைட்ராக்சிலையும் பெறாததையும் இதனால் பிரிக்க முடியாது. அதற்கு முன்னவர் சொன்ன ஆக்சிஜன் முகடுதான் வேண்டும்.


மின்வேதி_மாணவி எழுதியது:

இது நான் செய்து பார்க்கக்கூடியதாகத் தோன்றுகிறது. என் கலத்தின் இரு பக்கமும் சதுர சென்டிமீட்டருக்கு 0.4 மில்லிகிராம் பிளாட்டினம் இருக்கிறது. இதே கலத்தை அப்படியே கொண்டுபோகலாமா?


ஒளித்தடம் எழுதியது:

அப்படியே கொண்டுபோகாதீர்கள். எக்ஸ் கதிர் இரு பக்கத்தையும் ஊடுருவும் என்பதால், ஹைட்ரஜன் பக்கத்துப் பிளாட்டினமும் நிறமாலையில் சேர்ந்துவிடும். அது எப்போதும் உலோகமாகவே இருப்பதால் கழித்தலில் நீங்கிவிடும் என்று சிலர் வாதிடுவார்கள். ஆனால் உங்கள் குறிப்பலையைப் பாதியாக்கி இரைச்சலை மட்டும் கூட்டும் ஒன்றை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? ஹைட்ரஜன் பக்கத்துக்குப் பல்லேடியம் வினையூக்கியைப் பயன்படுத்துங்கள், அல்லது கற்றை போகும் இடத்தில் மட்டும் அந்த அடுக்கை நீக்கிவிடுங்கள். ஹைட்ரஜன் பக்கமே ஒப்பீட்டு மின்முனையாகவும் பயன்படும்.

இரண்டாவது, 0.4 மில்லிகிராம் என்ற அளவில் எல்3 விளிம்பின் ஏற்றம் 0.05-ஐ ஒட்டித்தான் வரும். ஊடுருவி வரும் கதிரை அளந்து, அதில் மேற்பரப்பின் சிறு மாற்றத்தைக் கழித்தலில் பிரித்தெடுப்பது மிகக் கடினம். கலத்தை 45 டிகிரி சாய்த்து வைத்து, ஒளிர்வு முறையில் (கதிரை உட்கவர்ந்த அணுக்கள் திரும்ப உமிழும் எக்ஸ் கதிரை அளந்து) அளக்கும்படி சாளரத்தைக் கேத்தோடு பக்கம் அமையுங்கள். சாளரத்தின் அடியில் வளிமம் தேங்கி அந்த இடம் மட்டும் உலர்ந்துபோவது இத்தகைய கலங்களில் அடிக்கடி நேர்வது. எனவே சாளரம் வெட்டிய தட்டோடு உங்கள் ஆய்வகத்திலேயே மின்னோட்ட வளைகோட்டை எடுத்து, வெட்டாத தட்டோடு எடுத்ததுடன் ஒப்பிட்டுவிட்டு, இரண்டும் ஒத்துப்போன பின் கதிர் நேரத்துக்கு விண்ணப்பியுங்கள். அந்த இரண்டு வளைகோடுகளையும் விண்ணப்பத்திலேயே சேர்த்துவிடுங்கள்.